அந்தப் புள்ளி நான் இல்லை

கண்ணா,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்று வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். பாதியில் இடுப்பு விட்டுப்போயிற்று. மீதியைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஓரத்தில் மஞ்சள் கறை தெரிந்தால் அதுதான் காரணம். மெயிலில் எழுதியிருக்கலாமே என்பாய். ஆபீஸுக்கு வருகிற மெயிலையெல்லாம் ஒரு மெஷின் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் தரும் என்று நீயே ஒரு நாள் பெருமையாகச் சொன்னாய். நான் உனக்குச் சொல்வதை மெஷின் முதலில் படிக்க வேண்டாம். நேரில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் "டென்ஷன் நக்கோ மா, கவலைப்படாதே" என்று தோளைத் தட்டிவிட்டு வண்டிச் சாவியைத் தேடுவாய். நானும் சரி போ என்று விட்டுவிடுவேன். இப்போதெல்லாம் எதையும் விட்டுவிடுவதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது. இதை விட முடியவில்லை. அதனால் காகிதமும் பேனாவும்.

விஷயம் கவிதாவின் போன். பத்திரிகையில் உன் பெயருக்குப் பக்கத்தில் பெயர் இருக்கிறதே, அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தத்தன்று நீ வாங்கிக் கொடுத்த போன். அதற்குள் நீ போட்டு வைத்திருப்பது என்ன என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அங்கே வருவதற்கு முன்னால் என் போனிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் கதை கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும்.

போன தீபாவளிக்குப் புடவைக்குப் பதிலாக டச் போன் கொண்டுவந்து கொடுத்தாய். கச்சிபௌலியில் உங்கள் கம்பெனியில் நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து செய்த காவல் சாமான் இதற்குள் இருக்கிறது, வைரஸ் வராது, தொலைந்துபோனால் எங்கே கிடக்கிறது என்று மேப்பில் ஒரு புள்ளி காட்டும், திருடன் சிம்மை மாற்றினாலும் மாட்டிக்கொள்வான் என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெட்டுகுடாவில் நம் சந்து முழுக்கக் காட்டினேன். காய்கறி வண்டிக்காரிக்குக்கூடக் காட்டி, "நா பில்லாடு சேசாடு" என்றேன், என் பிள்ளை செய்தது என்று. தொலைந்தால் போனைத் தேடும் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். போன் தொலையாமல் என் கைப்பையிலேயே இருக்கும்போதும் அது என்னைக் காட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீயும் சொல்லவில்லை.

ரிடையர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக வந்த என்னை நிறுத்தி வைத்து, "இனிமே நீ ஒரு வேலையும் செய்யக் கூடாது, ராணி மாதிரி இரு" என்றாய். ராணிக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியுமா? டி.வி. பார்ப்பது, குழாயில் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பது, உன் போனுக்காகக் காத்திருப்பது. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் சாமிக்கு விளக்கேற்றும்போதுதான். வேலைக் காலம் முழுக்க ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தவள் நான். நாளெல்லாம் மனிதக் குரல் கேட்டு வளர்ந்த காது. பக்கத்து வீட்டுக்காரர் ஜீடிமெட்லாவில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் ஆப்பரேட்டர் தேடுகிறார்கள், மத்தியானம் மட்டும்தான் என்றார். போனேன். சம்பளத்துக்காக இல்லை, அந்த ஹெட்செட்டுக்காக. உன்னிடம் சொன்னால் "கைக்கு மா, எதுக்கு? பொண்ணு வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று ஆரம்பிப்பாய் என்று தெரியும். அதனால் பஜனைக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நீ மேப்பில் பார்த்தது என்ன? அம்மாவின் புள்ளி மத்தியானமானால் ஒரு மருந்துக் கம்பெனிக்குள் போகிறது, சாயங்காலம் வரை அங்கேயே நிற்கிறது. ஒரு நாள் போன் போட்டு, "எங்கம்மா இருக்கே?" என்றாய். "பஜனைல" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என் முழங்கை மடிப்பில் சின்ன பிளாஸ்டர் இருந்தது. சுகர் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த இடம். நீ அதைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. புள்ளி உண்மை. பிளாஸ்டர் உண்மை. நான் சொன்ன பொய்யும் உண்மைதான். மூன்றையும் கூட்டிப் பார்த்து, யாரோ அம்மாவை ஏமாற்றிக் கூட்டிப்போய்ப் புது மருந்தை அவள் உடம்பில் போட்டுப் பார்க்கிறார்கள் என்று முடிவுக்கு வந்துவிட்டாய். பேப்பரில் அந்த மாதிரிச் சமாசாரங்கள் வந்துகொண்டிருந்த சமயம். உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் கண்ணா, நீ வந்த வரத்து இருக்கிறதே! நான் போர்டில் ஒரு பார்ட்டியிடம், "ஒன் மினிட் சார், லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நீயும் உன் சிநேகிதனும், பின்னாலேயே ஓடி வருகிற வாட்ச்மேனும். "மேனேஜர் எங்க? எங்க அம்மாவுக்கு என்ன ஊசி போடறீங்க?" என்று ஹிந்தியிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் கத்துகிறாய். தமிழில் என்னைப் பார்த்து, "மா, கையைக் காட்டு!" என்கிறாய். காட்டினேன். வேறென்ன செய்ய? காதில் ஹெட்செட், லைனில் பார்ட்டி, கை உன்னிடம். மேனேஜர் உன் வயசுப் பையன். உள்ளேயிருந்து வந்து, "மேடம் மா ஆப்பரேட்டர் சார். மீரு எவரு?" என்றான், மேடம் எங்கள் ஆப்பரேட்டர், நீங்கள் யார் என்று. நீ யார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே எல்லாரும் என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நான் பிள்ளை தேடிப் பிடித்துக் கொண்டுபோகிற கிழவி ஆகிவிட்டேன். மறுநாள் மேனேஜர் போன் செய்து, கொஞ்ச நாள் போகட்டும் மேடம், நானே கூப்பிடுகிறேன் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அன்று திரும்பி வரும்போது பாலாநகர் டிராஃபிக்கில் வண்டி நகரவில்லை. நீ சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். "ஊசின்னு பயந்தே போயிட்டேன் மா. நல்லவேளை, ஒண்ணுமில்ல" என்றாய். நான் சிரிக்கவில்லை. எப்படி என்னைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் புள்ளியைப் பற்றிச் சொன்னாய். சொன்ன வேகத்திலேயே, "கவிதா போன்லயும் போட்டிருக்கேன் மா. ஷிப்ட் முடிஞ்சு கேப்ல வர்ற பொண்ணு. எங்க இருக்கான்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி" என்றாய். "அவளுக்குத் தெரியுமா?" என்றேன். "எதுக்குச் சொல்லணும்? சொன்னா ஏதாவது நெனச்சுக்குவா. சேஃப்டிக்குத்தானே?" என்றாய். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது, நீ கியர் மாற்றினாய், பேச்சு கேட்டரிங்காரர் பக்கம் போய்விட்டது.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பா காலையில் பேங்குக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பர்ஸும் இல்லை, போனும் இல்லை, யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ புண்ணியவான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். பேர் தெரியாத ஆளாகப் படுத்திருந்தார். நீ காலேஜிலிருந்து ஓடி வந்து, நாம் இரண்டு பேரும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். சேர்க்கும்போது உயிர் இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். நாம் போனபோது இல்லை. "எங்க இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா, எங்க இருக்காருன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா" என்று நீ அந்த வராண்டாவில் சொல்லிக்கொண்டே இருந்தாய். நீ இந்த வேலைக்குப் போனதே அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். அன்று அவர் போனில் உன் புள்ளி இருந்து, திருடன் கைக்குப் போகுமுன் நாம் பார்த்திருந்தால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்து நான் அழாத நாள் குறைவு. அதனால் அந்தச் சாமானைத் தூக்கி எறி என்று நான் சொல்லவே மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு பழக்கம் இருந்தது. பழைய போர்டு அது. ஒருவர் லைனை இன்னொருவர் லைனோடு கார்டு என்கிற ஒயரைச் சொருகி இணைப்போம். கார்டுக்கு ஒரு கீ, சின்ன விசை மாதிரி, உண்டு. கீயை முன்னால் தள்ளினால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், பின்னால் இழுத்தால் கேட்காது. மெதுவாகவும் இழுக்கலாம், யாருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே எல்லாரும் அதை "டக்" என்று சத்தம் வருகிற மாதிரிதான் இழுப்பார்கள். அந்தச் சத்தம் பேசுகிறவர்கள் காதிலும் விழும். ஆப்பரேட்டர் போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டு அப்புறம்தான் வீட்டு விஷயம் பேசுவார்கள். சிலர் கேட்கவே கேட்பார்கள், "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று. "இதோ போறேன் சார்" என்று சொல்லிவிட்டு டக் என்று இழுப்பேன். எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாதது அது. நாங்கள் எல்லாரும் பெரிய உத்தமிகள் என்று நினைத்துவிடாதே. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நல்ல சண்டை ஏதாவது நடந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்துவிட்டுத்தான் வருவோம். ஆனால் இருந்தால் இருக்கிறோம் என்று தெரியும், லைனில் ஆள் நுழைந்தால் சத்தம் கம்மியாகிவிடும். போனால் போனோம் என்று தெரியும். உன் சாமானில் அந்த டக் எங்கே வருகிறது? கவிதா காதில் எது விழும், நீ பார்க்கிறாய் என்றோ, பார்த்துவிட்டுப் போய்விட்டாய் என்றோ?

உன் அப்பாவுக்கும் எனக்கும் இதில் ஒரு பெரிய சண்டை வந்தது, நீ அப்போது ஸ்கூல் பையன். அவரும் ரயில்வேதான், அவர் ஆபீஸில் டிரான்ஸ்ஃபர் பேச்சு அடிபட்டது. பெரிய ஆபீஸரின் லைன் என் போர்டில்தான். "யாரைத் தூக்கறாங்கன்னு ஒரு காது போட்டுப் பாரேன், முன்னாடியே தெரிஞ்சா யூனியன்ல சொல்லி நிறுத்திடலாம்" என்றார். "நக்கோஜி, முடியாது" என்றேன். "எல்லார் பேச்சும் உன் காதுல விழும், புருஷன் விஷயம் மட்டும் விழாதா?" என்று கத்தினார். காஸிபேட்டுக்குத் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற அப்பாவாக அவர் ஆனது அதனால்தான். நீ ஜுரத்தில் படுத்துக்கொண்டு "அப்பா வரணும், அப்பா வரணும்" என்று பிடிவாதம் பிடித்தபோது, கேட்டுத்தான் தொலைத்திருக்கலாமோ என்று நினைத்தேன். இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு விலை உண்டு, நாம் அதைக் கொடுத்தோம். ஆனால் அதற்கப்புறமும் உன் அப்பா என்னிடம் ரகசியமாக எதையும் கேட்டுச் சொல் என்று சொன்னதில்லை. காஸிபேட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வழியாக வீட்டுக்குப் பேசும்போது, என்னோடு வேலை செய்கிறவள் டக் என்று கீயை இழுத்த பிறகுதான் அவர், "ம், சொல்லு, சாப்பிட்டியா?" என்று ஆரம்பிப்பார். அந்தக் குரல் எனக்கு மட்டும் வந்த குரல். அது எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்கு எப்படிச் சொல்ல?

இப்போது கவிதா. போன சனிக்கிழமை ரவிக்கைத் துணி தேர்ந்தெடுக்க வந்தாள். ஈரோட்டுப் பெண், நான் எதைக் கொடுத்தாலும் "போதுங்க அத்தை" என்பாள், அப்புறம் சாப்பிட்டுவிடுவாள். அதிரசம் தின்றுகொண்டே, தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். "எப்படித்தான் தெரியுதோங்க அத்தை இவருக்கு! நான் கேன்டீன்ல தனியா உக்காந்து சங்கடப்பட்டுட்டு இருக்கறப்ப சரியா போன் வருதுங்க. கோயிலுக்குப் போய்ட்டு வெளிய செருப்பு மாட்டறேன், 'சாமி கும்பிட்டாச்சா?'ங்கறார். நான் சொல்லவே இல்லீங்க. எங்க ரூம் பொண்ணுங்கெல்லாம் கேலி பண்றாங்க. எனக்கு முதல்ல இந்தக் கல்யாணத்துல அவ்வளவா இஷ்டமில்லீங்க அத்தை, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நிச்சயத்துக்கப்புறம், இப்படி ஒருத்தருக்கு என் மனசு தெரியுதேன்னுதான் மனசார சரின்னேன்" என்றாள். சொல்லிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "உங்களுக்கும் மாமாவுக்கும் இப்படி இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குள் போய் நின்றேன். அந்தப் பெண் உன்னைக் கட்டிக்கொள்ள மனசாரச் சம்மதித்ததே ஒரு புள்ளி செய்த வேலையில் மயங்கி. அது அவளுக்குத் தெரியாது. ஆத்திரமாக வந்தது உன் மேல். அதைவிட அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பாவமாக இருந்தது. உள்ளேயிருந்து தண்ணீரோடு வந்து, "அவன் சின்னதிலேர்ந்தே அப்படித்தான்" என்றேன். பொய். ஜீடிமெட்லாவுக்காக உன்னிடம் சொன்னது என் பொய், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இது உனக்காகச் சொன்ன பொய். இந்த வயசில் உனக்காக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

இந்தச் சனிக்கிழமை ரவிக்கை போட்டுப் பார்க்க மறுபடி வருகிறாள். நானாகப் போய் அவளிடம் எதையும் சொல்ல மாட்டேன், உன் கல்யாணத்தை உடைக்கிற கை என் கையாக இருக்காது. ஆனால் அவள் மறுபடி எப்படித்தான் தெரியுதோ என்று ஆரம்பித்தால் சொல்லிவிடுவேன். அவள் கேட்பாள், அது உனக்கும் தெரியும், சந்தோஷமாக இருக்கிற பெண்கள் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதற்குள் நீ சொல். இந்த மாதிரி, இப்படிச் செய்தேன், அப்பாவை அன்று தேடிய பயம் இன்னும் போகவில்லை, அதனால் செய்தேன் என்று உள்ளதைச் சொல். போனை அவள் கையில் கொடுத்து, வேண்டுமென்றால் வை, வேண்டாமென்றால் எடுத்துவிடு என்று சொல். அவள் கத்தலாம். பத்திரிகை எல்லாம் மஞ்சளோடு வீணாகப் போகலாம். அதற்கும் நான் தயாராகத்தான் பாதியோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது கண்ணா, எனக்கும் அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவள் அதை எடுத்துவிட்டு, கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டால் உனக்கு ஒரு கஷ்டம் வரும். கேன்டீனில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியாது. சில நாள் தப்பான நேரத்தில் போன் போடுவாய், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வெடுக்கென்று வைப்பாள். எங்கே போனாய் என்று கேட்டால் சில நாள் சொல்ல மாட்டாள். உன் அப்பாவுக்கு என்னோடு இருந்ததெல்லாம் இதுதான், இதோடுதான் இருந்தோம்.

கடைசியாக என் போன். ஜீடிமெட்லா மேனேஜர் நேற்றுக் கூப்பிட்டான். புதிதாகப் போட்ட பெண் எல்லாரையும் ஹோல்டில் போட்டுவிட்டு மறந்துபோகிறாளாம், "மேடம், மீ அப்பாயி ராகுண்டா ஒஸ்தாரா?" என்று கேட்டான், உங்கள் பிள்ளை வராமல் நீங்கள் மட்டும் வருவீர்களா என்று. போவேனா, மாட்டேனா என்று இதில் எழுதப் போவதில்லை. திங்கட்கிழமையிலிருந்து உன் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவேன். மேப்பில் பார்த்தால் புள்ளி மெட்டுகுடாவில் அசையாமல் இருக்கும், பார்த்து ஏமாறாதே. ஆத்திர அவசரத்துக்கு என் கைப்பையில் உன் நம்பரும் வீட்டு விலாசமும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பயப்படாதே. சாயங்காலம் வீட்டு லேண்ட்லைனுக்குப் போடு. கவிதாவிடம் சொல்லிவிட்டேன் என்று முதலில் சொல். அப்புறம், "இன்னிக்கு எங்கம்மா போனே?" என்று கேள். ஒரு தடவையாவது தெரியாமல் கேள். நான் உள்ளதைச் சொல்கிறேன்.

உன் அம்மா